விலைக்கு வந்த வீடு

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்றொரு பேட்டை உண்டு. முன்னொரு முறை அங்கே நடந்து சென்றபோது, வீட்டுத் தரகர் ஒருவரின் கடைக் கண்ணாடியில் ஓர் அறிவிப்பைக் கண்டேன். நிலவறையும் நான்கு தளங்களும் கொண்ட செங்கல் வீடு. பதினெட்டாம் நூற்றாண்டில் பட்டு வணிகருக்கெனக் கட்டப்பெற்றது. விலை இவ்வளவு என்று எழுதியிருந்தார்கள். விலை என்னை மலைக்க வைத்தது. ஆயினும், எழுதப்படாத செய்தியே என்னை நெடுநேரம் அங்கே நிறுத்தியது. கட்டியவரைப் பற்றி ஒரு வரி இருந்தது. அவருக்குப் பின் அவ்வீட்டின் அறைகளில் ஒண்டி வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விடுபட்ட அந்தச் சொல்லைத் தேடுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

பிரான்சு நாட்டை ஆண்ட பதினான்காம் லூயி மன்னன், புராடஸ்டண்டு மக்களுக்கு வழங்கப்பட்டிருந்த வழிபாட்டு உரிமையை 1685ஆம் ஆண்டில் பறித்தான். ஹியூகெனாட் எனப் பெயர் பெற்ற அம்மக்கள் ஆயிரக்கணக்கில் கடல் கடந்தனர். ‘அகதி’யைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவர்களோடு அம்மொழியில் புகுந்ததுதான். பட்டு நெசவில் வல்ல பலர் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் குடியேறினர். செல்வம் பெருகவே, 1720ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வரிசை வரிசையாக உயர்ந்த வீடுகள் எழுந்தன. நுண்ணிய நெசவுக்கு வெளிச்சம் இன்றியமையாதது. ஆதலால், பல வீடுகளின் மேல்மாடத்தில் தறிக்கென அகன்ற சாளரங்கள் அமைந்தன.

இவ்விடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து, சாயம் தோய்த்த பருத்தித் துணிகள் சென்னைத் துறையிலிருந்து இலண்டனுக்குச் சென்றன. மலிவும் அழகும் பொருந்திய அத்துணிகளை அந்நாட்டு மகளிர் விரும்பி உடுத்தனர். தம் பிழைப்புக் கெடுகிறதென்று சினந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர், 1719ஆம் ஆண்டுக் கோடையில் தெருவிலிறங்கி, அத்துணி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர். அத்தகைய துணிகளுள் பெரும்பாலானவற்றை உடுத்துவதே குற்றமென 1721இல் சட்டம் பிறந்தது. அகதிகளுக்கு அடைக்கலம் தந்த பேட்டையே, தொலைவிலிருந்த மற்றொரு நெசவாளன் கைப்பொருளுக்குக் கதவை அடைத்தது. நல்லவர், தீயவர் என்று மக்களை எளிதில் இரு கூறாக்க வரலாறு இடந்தருவதில்லை.

பட்டுத் தொழிலும் நிலைக்கவில்லை. நெசவாளர் கூலியைக் காத்த 1773ஆம் ஆண்டுச் சட்டம் 1824இல் நீக்கப்பட்டது. 1860இல் பிரான்சுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால், பிரெஞ்சுப் பட்டு வரியின்றி உள்ளே வந்தது. வணிகர் வெளியேறினர், வீடுகள் துண்டாடப்பட்டன. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் தளத்துக்கொரு குடும்பம், பின்னர் அறைக்கொரு குடும்பம் என நெருக்கம் மிகுந்தது. 1881இல் உருசியப் பேரரசன் இரண்டாம் அலெக்சாண்டர் கொலையுண்டபின், யூதர்மேல் வன்கொடுமைகள் மூண்டன. தப்பி வந்தோர் பலர் இந்த அறைகளிலேயே தங்கித் தையல் இயந்திரத்தை மிதித்தனர். அவர்கள் வரவைத் தடுக்கும் நோக்கோடு 1905இல் அயலார் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் யூதர்கள் வேறு பகுதிகளுக்குப் பெயர, சில்கெட்டுப் பகுதி வங்காளிகள் வந்தனர். அதே அறைகளில் தையல் ஓசை தொடர்ந்தது.

இம்மாற்றத்தை ஒரே கட்டடத்தில் காணலாம். பிரிக் லேன் வீதியில் 1743இல் ஹியூகெனாட் மக்கள் எழுப்பிய கோயில், 1819இல் மெதடிஸ்டு சபையாரிடம் சென்றது, 1898இல் யூதர் தொழுகைக்கூடமாயிற்று, 1976இல் பள்ளிவாசலாயிற்று. இறைவனை அழைத்த பெயர்கள் மாறின; சுவர்கள் மாறவில்லை.

ஆனால், இதனை இனிய கதையாக மட்டும் சொல்லி முடித்தல் நேர்மையாகாது. 1978ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், அல்தாப் அலி என்னும் வங்காள இளைஞர், ஆடைத் தொழிலாளி, வேலை முடிந்து வீடு திரும்புகையில் இனவெறியர் கையால் கொலையுண்டார். பத்து நாள் கழித்து ஆயிரக்கணக்கானோர் அவர் சவப்பெட்டியின் பின்னே பிரதமர் இல்லம் வரை நடந்து சென்றனர். அவர் விழுந்த இடத்துக்கு அருகிலுள்ள பூங்கா 1998 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே காலத்தில், 1977இல், பழைய வீடுகளை இடிப்பாரிடமிருந்து மீட்க ஓர் அறக்கட்டளை தோன்றியது. அதன் ஆர்வலர் எல்டர் வீதியில் இடிபடவிருந்த வீடுகளுக்குள் புகுந்து தங்கி, அவற்றைக் காத்தனர். அவர்கள் செய்தது நற்பணியே. ஆயினும் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஏழைகள் வாழ்ந்த நாளில் புதுப்பிக்கப் பணமின்மையாலேயே பழைய படிக்கட்டும் மரப்பலகையும் பிழைத்தன. காப்பாற்றப்பட்ட பிறகோ, விலை ஏறி, அந்த ஏழைகளின் மக்கள் அணுகவொண்ணாத மாளிகைகளாயின. வீடு பிழைத்தது, குடியிருந்தோர் அகன்றனர்.

மாணவ நண்பர்களே! கிரயப் பத்திரத்தில் வாங்கியவர் பெயரும் விற்றவர் பெயரும் இருக்கும். வாடகைக்கு இருந்தவர் பெயர் இராது. பத்திரத்தை மட்டும் படிப்பவன் உடைமையின் வரலாற்றை எழுதுவான்; வாழ்க்கையின் வரலாற்றை எழுத மாட்டான். இங்கிலாந்தில் 1841 முதல் எடுக்கப்பட்ட குடிக்கணக்கு ஏடுகளில், வீட்டில் உறங்கியவர் பெயர்களும் தொழில்களும் கிடைக்கின்றன. ஆய்வாளர் அவற்றைப் புரட்டியே, ஒரு கதவுக்குப் பின்னே எத்தனை குடும்பங்கள் இருந்தன என்பதை வெளிக்கொணர்கின்றனர்.

உங்கள் ஊரிலும் பல குடித்தனங்கள் வாழ்ந்த பழைய வீடு ஏதேனும் விலைக்கு வரக்கூடும். கட்டியவர் யாரெனப் பலரும் கேட்பார்கள். அங்கே அடுப்பு மூட்டியவர் யார், பிள்ளை பெற்றவர் யார், வாடகை கொடுக்க இயலாமல் வெளியேறியவர் யார் என்று நீங்கள் கேளுங்கள். விடை சொல்லக்கூடிய முதியவர் அத்தெருவிலேயே இருக்கலாம். அவர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் இன்றே எழுதி வையுங்கள்.