அலெக்சி ககாமே: மெய்யியலாளரும் கவிஞரும்

ஆபிரிக்க மெய்யியல் என ஒன்று உண்டா என்னும் வினா எழும்போதெல்லாம் ருவாண்டா நாட்டுக் கத்தோலிக்கக் குருவான அலெக்சி ககாமேயின் பெயர் எடுத்தாளப்படுவது வழக்கம். அவர் கவிஞருமாவார் என்பது அத்துணை பேசப்படுவதில்லை. ஆயினும் அவருடைய சிந்தனை தோன்றிய இடம் கவிதையே.

1912 இல் பிறந்த ககாமே, அரசவையின் மரபு வரலாற்றை நினைவிற் பேணிவந்த அபீரு என்னும் குழுவினரின் வழிவந்தவர். அப்பொழுது நாடு ஜேர்மனியரின் ஆட்சியிலிருந்தது. முதலாம் உலகப் போரின்போது பெல்ஜியரின் கைக்கு மாறிற்று. 1941 இல் குருப்பட்டம் பெற்ற ககாமே, வாய்மொழியாக மட்டுமே வழங்கிவந்த அரசவைப் பாடல்களைப் பாவலர்களிடம் கேட்டுத் திரட்டினார். அவை பற்றிய அவரது ஆய்வு நூல் 1951 இல் வெளிவந்தது.

ருவாண்டாவில் மாடே செல்வம், மாடே பெருமை. சிறந்த மாடுகளைப் போர்வீரரைப் புகழ்வது போலப் புகழ்ந்து பாடும் தனி மரபொன்று அங்கு உண்டு. ககாமே இந்த உயர்ந்த நடையை எடுத்துப் பன்றிக்குச் சூட்டினார்! 1949 இல் வெளிவந்த அப்பாடலின் பெயர், உருளைக்கிழங்குக்குச் சுவையூட்டுவது எனப் பொருள்படும். உயர்குடியினர் இழிவெனக் கருதிய விலங்கு காவிய நாயகனாகியது. அதே ஆயர் மரபைக் கொண்டே, உலகப் படைப்பைப் பற்றிய நெடும்பாடலொன்றையும் அவர் கின்யருவாண்டா மொழியில் யாத்தார். கிறித்தவ சமயப் பொருள் அந்நியச் சாயலின்றி அம்மண்ணின் யாப்பில் அமைந்தமை எளிதான சாதனையன்று.

1952 இல், ஐரோப்பியர் வருமுன் நிலவிய அரசியல் அமைப்புகள் பற்றி அவர் எழுதிய நூல் குடியேற்ற ஆட்சியாளரின் அதிருப்திக்குள்ளாயிற்று. ஆயர் அவரை உரோமாபுரிக்கு அனுப்பிவைத்தார். தண்டனை போன்ற இந்த அனுப்புகையே அவரை மெய்யியலாளராக்கிற்று எனலாம். கிறெகோரியன் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த கலாநிதிப்பட்ட ஆய்வு 1956 இல் நூலாயிற்று.

பெல்ஜியக் குருவான பிளாசிட் தெம்பெல்ஸ் 1945 இல், பாந்து மக்களுக்கு உள்பொருள் என்பது ஆற்றலே என எழுதியிருந்தார். ககாமே தம் தாய்மொழியின் இலக்கணத்திலிருந்து தொடங்கினார். 'ந்து' என்னும் வேரினின்று நான்கு வகைகள் பிறக்கின்றன: அறிவுடைய பொருள் உமுந்து; அறிவற்ற பொருள் இகிந்து; இடமும் காலமும் சேர்ந்தது அஹந்து; தன்மை, அளவு, தொடர்பு முதலியன உகுந்து. அரிஸ்டாட்டிலின் பத்து வகைகளும் இந்நான்கினுள் அடங்கும் என்றார். இறைவனோ இவற்றுள் அடங்கான். முதலிரு வகைகளும் உயர்திணை, அஃறிணைப் பகுப்பை நினைவூட்டுவன. எனினும் இடத்தையும் காலத்தையும் ஒரே வகையாகக் கண்டமையே இத்திட்டத்தின் நுட்பமான பகுதியாகும்.

பெனின் நாட்டு மெய்யியலாளர் பௌலின் ஹூன்டொன்ஜி 1970களில் இம்முறையைக் கடுமையாகச் சாடினார். மெய்யியல் என்பது ஒருவர் பொறுப்பேற்று வாதிடும் எழுத்து. ஓரினம் முழுவதும் அறியாமலே கைக்கொண்டுள்ள கொள்கையன்று என்பது அவர் வாதம். தெம்பெல்ஸைவிடக் ககாமே கண்டிப்பான ஆய்வாளர் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். இவ்வாதத்தை மறுத்தல் கடினம். மொழி பாகுபாடு செய்துதரும், சிந்திப்பவன் தனிமனிதனே. ககாமே தம் சொந்தச் சிந்தனையை மக்களின் பெயரில் எழுதித் தம்மை மறைத்துக்கொண்டார். கவிதையில் மட்டும் அவ்வாறு மறையவில்லை.

வரலாற்றாசிரியராக அவர் நாட்டை அரசவையின் சாளரத்தினூடாகவே நோக்கினார். அவரது அரசர் காலவரிசையை யான் வன்சினா 1962 இல் கேள்விக்குட்படுத்தினார். குடிமக்களான ஊட்டு உழவரின் குரல் அவரது வரலாற்று நூல்களில் அரிதே. 1959 இல் கிளர்ச்சி வெடித்தது. 1961 இல் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. ககாமே நாட்டிலேயே தங்கி, 1963 இல் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். 1981 இல் நைரோபியிற் காலமானார். அரசவை மறைந்தபின் அங்கு பாடிய பாவலருக்கும் இடமில்லாது போயிற்று. அவர்களுடைய பாடல்களை ஆராய விரும்புவோர் இன்றும் முதலில் நாடுவது ககாமே எழுதிவைத்த ஏடுகளையே.