சரிந்த விலையில் விற்றவர்கள் யார்?

1769 மே மாதக் கடைசியில் லண்டன் சந்தையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு திடீரென விழுந்தது. 270 பவுனையொட்டி நின்ற விலை ஒரு மாதத்துக்குள் 240 பவுனை நெருங்கியது. மைசூரின் ஹைதர் அலி ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்துக்குள் புகுந்துவிட்டார், வருவாய் தரும் நிலங்கள் அழிகின்றன என்று கப்பல்கள் கொண்டுவந்த சேதிதான் உடனடிக் காரணம். சேதி பொய்யல்ல. 1763இல் ஆற்காட்டு நவாப் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்கள் முதல் மைசூர்ப் போரில் சூறையாடப்பட்டன. 1769 மார்ச்சில் ஹைதரின் குதிரைப்படை பரங்கிமலையருகே வந்து நின்றது. ஆனால் அன்று கடல்வழிச் சேதி லண்டன் போய்ச்சேர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். லண்டனில் விலை விழுந்தபோது இங்கே ஏப்ரலிலேயே மதராஸ் உடன்படிக்கை கையெழுத்தாகி, போர் ஓய்ந்திருந்தது.

விலை ஏன் விழுந்தது என்பதற்கு இந்தச் சேதி போதும். விழுந்த விலையிலும் பங்குகள் ஏன் கைமாறிக்கொண்டே இருந்தன என்பதற்கு அது போதாது. எல்லோரும் ஒரே சேதியை ஒரேமாதிரி நம்பினால், வாங்குபவர் குறைத்துக் கேட்பார், விற்பவர் பொறுத்துப் பார்ப்பார். விலை இறங்கும், வியாபாரம் பெருகாது. பெருக வேண்டுமானால், விற்றே தீரவேண்டியவர்கள் இருக்க வேண்டும். அவர்களைச் செங்கல்பட்டில் தேடிப் பயனில்லை, கம்பெனியின் இயக்குநர் தேர்தலில்தான் தேட வேண்டும். 500 பவுன் பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு வாக்கு. ஆறு மாதம் கையில் வைத்திருந்தால்தான் வாக்களிக்கலாம் என்று 1767இல் சட்டம் வந்தது. அதனால் 1769 ஏப்ரல் தேர்தலுக்காக, இயக்குநராகப் போட்டியிட்ட லாரன்ஸ் சலிவனின் அணியினர் மாதங்களுக்கு முன்பே கடன்பட்டும் தவணை ஒப்பந்தம் போட்டும் பங்கு திரட்டியிருந்தார்கள். சலிவன் ஜெயித்தார். கணக்குத் தீர்க்கும் நாள் வருவதற்குள் விலை சரிந்தது. கடன் கொடுத்தவர்கள் பணம் கேட்டார்கள். ஈடாக நின்ற பங்கு சந்தைக்கு வந்தது. அது விலையை மேலும் இறக்கி, அடுத்த கடனாளியையும் விற்க வைத்தது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று துணிந்து வாங்கியவர்களால்தான் வியாபாரம் பெருகியது என்று ஒருவர் மறுக்கலாம். வாங்கியவர்கள் இருந்தது உண்மைதான்; வாங்குபவர் இல்லாமல் விற்பனை ஏது? ஆனால் வாங்கியவர் காத்திருக்க முடிந்தவர், விற்றவரால் அது முடியாது. எந்த நாளில் எவ்வளவு கைமாறும் என்பதை முடிவு செய்தது விற்றவரின் தவணைதான். வெர்னி பிரபு, லாக்லின் மெக்லீன், வில்லியம் பர்க் என, அந்தச் சரிவில் பெருநஷ்டப்பட்டவர்கள் பலரும் கடனில் பங்கு பிடித்தவர்களே. கர்நாடகத்தைப் பற்றி அவர்களுடைய கருத்து மாறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் காலத்திலும், சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் நிறுவனர்கள் ஈடு வைத்திருந்த பங்குகளைக் கடன் கொடுத்தவர்கள் விற்றுத் தள்ளியபோது நடந்தது இதுதான்.

நஷ்டம் லண்டனோடு நிற்கவில்லை என்பதே நம்மைச் சுடவேண்டிய செய்தி. மெக்லீன் பின்னாளில் ஆற்காட்டு நவாபின் முகவரானார். பர்க் 1777இல் மதராசுக்கு வந்து தஞ்சை மன்னரின் முகவரானார். லண்டனில் இழந்ததை அவர்கள் இந்த மண்ணின் வருவாயிலிருந்து மீட்கப் பார்த்தார்கள்.