அபினும் உடலின் பூட்டும்

மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியில் ஹனூர் என்னும் ஊர் இருக்கின்றது. கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைப்புற ஊர் அது. அதனை உள்ளடக்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை சென்னை இராஜ்யத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சார்ந்தது. எல்லைக்கோடுகள் இவ்வாறு மாறினாலும், அபினைப் பற்றிய சட்டங்கள் இத்தகைய ஊர்களுக்கு எப்போதும் தொலைவிலிருந்தே வந்தன. அவை முதலில் கல்கத்தாவிலும் பின்னர் டில்லியிலும் இயற்றப்பட்டவை. அச்சட்டங்களை வகுத்தோர் மனித உடலைப் பற்றி எதனை அறிந்திருந்தனர், எதனை அறியாதிருந்தனர் என்பதை நாம் சற்றே ஆராய்வோம்.

கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்ததே அபின். 1773இல் வங்காளத்து அபின் வாணிபத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். 1820இல் காஜிப்பூரில் அபின் தொழிற்சாலை எழுந்தது. சீனத்தில் இறங்கிய அபின் 1839இல் ஒரு போருக்கே காரணமாயிற்று. இந்நாட்டினுள்ளே 1878ஆம் ஆண்டின் சட்டம், உரிமம் பெற்றோர் அபின் விற்க வழிசெய்து வரி தண்டியது. இங்கிலாந்தில் கண்டனக் குரல்கள் எழவே 1893இல் அரசுக் குழு ஒன்று அமைக்கப்பெற்றது. இந்தியர் பெரும்பாலும் அளவோடே அபின் உண்கின்றனர், ஆதலின் முற்றாகத் தடுக்க வேண்டுவதில்லை என்று அக்குழு 1895இல் அறிக்கை தந்தது. அபின் உண்பவன் அரசின் கண்ணுக்கு வாடிக்கைக்காரன். அறவோர் கண்ணுக்கு மனவுறுதி அற்றவன். அவன் உடலினுள் நிகழ்வது யாது என்று வினவுவதற்கு அன்று கருவி இல்லை. விடுதலைக்குப் பின்னர், 1959 ஏப்ரல் முதல், மருத்துவத்திற்கன்றி அபின் விற்பது நாடெங்கும் நிறுத்தப்பட்டது.

இதற்கிடையில் வேதியியல் தன் வழியே சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளரான செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். 1898இல் பேயர் நிறுவனத்தார் ஹெராயினை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கினர். பழைய மருந்தின் அடிமைத்தனம் புதியதில் இராது என்னும் நம்பிக்கை பொய்யாயிற்று. இத்துணைச் சிறிய அளவினதான ஒரு பொருள் வலியை மறக்கச் செய்வதும், பின்னர் அதனையே நாடி அலையச் செய்வதும் எங்ஙனம்?

விடை 1973இல் கிடைத்தது. அமெரிக்காவில் கேண்டேஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோரும், எரிக் சைமனும், சுவீடனில் லார்ஸ் டெரீனியஸும் மூளையின் நரம்பு உயிரணுக்களில் அபினிப் பொருள்கள் சென்று பொருந்தும் இடங்களைக் கண்டறிந்தனர். ஏற்பிகள் என வழங்கப்படும் இவற்றைப் பூட்டு எனவும், மார்பினை அதில் நுழையும் திறவுகோல் எனவும் நாம் கொள்ளலாம். ஆனால் ஒரு செடியின் பாலுக்கென்று மனித மூளை பூட்டு வைத்திருப்பானேன்? 1975இல் ஸ்காட்லாந்தின் ஆபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றியின் மூளையிலிருந்து என்கெபலின் என்னும் பொருளைப் பிரித்துக் காட்டினர். உடல் தன் வலியைத் தானே தணித்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களுக்காகவே அப்பூட்டு அமைந்தது. கசகசாப் பால் தற்செயலாய் அதற்குப் பொருந்திய கள்ளத் திறவுகோல்.

அத்திறவுகோல் நாள்தோறும் நுழையுமாயின் உயிரணுக்கள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. பழைய அளவு போதாதாகின்றது. மருந்து நின்றாலோ, அடங்கியிருந்த நரம்புகள் ஒருங்கே கிளர்ந்தெழுகின்றன. கண்ணும் மூக்கும் நீர் சொரியும்; வயிறு முறுக்கும்; உறக்கம் ஒழியும். இது நடிப்பன்று, மனவுறுதியின் குறைவுமன்று. மூளையின் இன்ப உணர்வு நரம்புகளும் அப்பழக்கத்தை நினைவில் இருத்திக்கொள்வதால், உடல் தேறிய பின்னரும் வேட்கை மீளுகின்றது.

1996இல் ஒரு சோதனை இதனை மேலும் தெளிவாக்கியது. மியூ எனப்படும் ஏற்பி இல்லாமற் பிறக்கும்படி செய்யப்பட்ட எலிகளுக்கு மார்பின் கொடுத்தபோது வலியும் தணியவில்லை. அம்மருந்தை அவை விரும்பவும் இல்லை. அதற்கு அடிமையாகவும் இல்லை. நோய் தணிக்கும் வழியும் சிறைப்படுத்தும் வழியும் ஒன்றே என்பது இதனால் விளங்கிற்று. ஆதலின் அவ்வழியை முற்றும் அடைப்பவர் இரண்டையும் சேர்த்தே அடைக்கின்றார்.

நம் நாட்டில் நிகழ்ந்தது அதுவே. 1985இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் சட்டம் குறைந்த அளவு தண்டனையாகப் பத்தாண்டுக் கடுங்காவலை விதித்தது. மருத்துவமனைகள் மார்பின் பெறப் பல உரிமங்கள் வேண்டியிருந்தன. கணக்கிற் பிழை நேரினும் சிறை வருமோ என்று மருந்தாளர் அஞ்சினர். மறு ஆண்டே, புற்றுநோய் வலிக்கு மார்பினைப் படிமுறையாகக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. ஆயினும் 1985இல் 500 கிலோகிராமுக்கு மேலிருந்த நாட்டின் மருத்துவ மார்பின் நுகர்வு 1997இல் 18 கிலோகிராமாக வீழ்ந்தது. உலகுக்கு அபின் விற்ற நாட்டிலே புற்றுநோயாளிகள் வலியோடு மாண்டனர். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். இராஜகோபால் முதலியோர் தொடங்கிய வலி தணிப்புப் பணி இந்நிலையை மாற்றும் முயற்சிகளுள் முதன்மையானது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையா மருந்துகளுக்கு நாடு முழுதும் ஒரே உரிம முறை வகுக்கப்பெற்றது.

மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காக மார்பின் உண்பவருக்கு அதனை நிறுத்துங்கால் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதனை நாடி அலையும் வேட்கை அவர்களுள் பலருக்கு வருவதில்லை. வேட்கை வந்தவர்க்கும் வழி உண்டு. மெதடோன், பூப்ரெனார்பின் ஆகிய மருந்துகள் அதே பூட்டில் அமைதியாக அமர்ந்து தவிப்பை அடக்குகின்றன. அளவு மிஞ்சி மூச்சு அடங்கும் வேளையில் நாலாக்சோன் கள்ளத் திறவுகோலை வெளியே தள்ளி உயிர் மீட்கின்றது.

ஹனூரை ஒத்த ஓர் எல்லைப்புற ஊரில் புற்றுநோயால் துடிக்கும் முதியவர் ஒருவரும், ஹெராயினிற் சிக்கிய இளைஞர் ஒருவரும் இருப்பின், இருவரும் ஒரே பூட்டினால் துன்புறுபவர் என்று இன்று நாம் அறிவோம். முதியவருக்கு மருந்தை மறுப்பதால் இளைஞர் காக்கப்படுவதில்லை. இளைஞரைச் சிறையிலிடுவதால் முதியவரின் வலி தணிவதுமில்லை. கள்ளச் சந்தையைச் சட்டம் கடுமையாகவே காக்கட்டும். இவ்விருவரும் செல்ல வேண்டிய மருத்துவமனையின் கதவு திறந்திருக்கட்டும்.