நானோ வாயு உணரிகள்

காற்றில் கலந்திருக்கும் வாயுவை மின்தடை மாற்றத்தால் காட்டிக்கொடுக்கும் வேதி உணரிகளில், உணரும் பகுதி நானோமீட்டர் அளவுப் பொருளால் ஆனவை நானோ வாயு உணரிகள். வழக்கில் சென்சார் என்பார்கள். இவற்றின் மூதாதை, வீட்டில் எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்க ஜப்பானின் நவோயோஷி தாகுச்சி உருவாக்கிய வெள்ளீய ஆக்சைடு உணரி. 1962இல் அதற்குக் காப்புரிமை கோரினார்.

வெள்ளீய ஆக்சைடை 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், காற்றின் ஆக்சிஜன் துகளின் மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ளும், மின்தடை ஏறும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும். பறிபோன எலக்ட்ரான்கள் திரும்பும், மின்தடை இறங்கும். எலக்ட்ரான் இழக்கும் அடுக்கின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர்தான். பெரிய துகளில் அது பூசணிக்காய்த் தோல் மாதிரி. தோலுக்கு என்ன நேர்ந்தாலும் சதைக்குத் தெரியாது. 6 நானோமீட்டர் துகளிலோ சதையே கிடையாது, எல்லாம் தோல். அந்த அளவுக்குக் கீழே உணர்திறன் சடசடவென ஏறுவதை நொபொரு யமசோயே 1991இல் காட்டினார்.

2000இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜியே தாய் குழுவினர் ஒற்றைக் கார்பன் நானோகுழாயை அறை வெப்பநிலையிலேயே உணரியாக்கினர். நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டதும் மின்கடத்தல் கூடியது, அம்மோனியாவுக்குக் குறைந்தது. சூடேற்றத் தேவையில்லை என்பது பெரிய லாபம். ஆனால் ஒட்டிய வாயு லேசில் விடாது. பழைய நிலைக்குத் திரும்ப மணிக்கணக்காகும். 2007இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனில் ஒற்றை மூலக்கூறு ஒட்டுவதையே பதிவு செய்தனர். அதே ஆண்டு, நாசாவின் ஏம்ஸ் மையம் உருவாக்கிய, 32 நானோ உணரிகள் கொண்ட சிறு சில்லு ஒரு செயற்கைக்கோளில் விண்வெளிக்குப் போனது.

உண்மையான தலைவலி சிறிதாக்குவதில் இல்லை, வேறுபடுத்துவதில்தான். எரிவாயுவுக்கென வைத்த ஆக்சைடு உணரி, பக்கத்தில் சானிடைசரைத் தேய்த்தாலும் அலறக்கூடும். ஈரப்பதமும் கணக்கைக் குழப்பும். அதனால் பல்லேடியம், பிளாட்டினம், பாலிமர் என வெவ்வேறு பூச்சுள்ள உணரிகளை ஒரே சில்லில் வரிசையாக அமைத்து, எல்லாவற்றின் பதில்களையும் சேர்த்துப் படிக்கிறார்கள். மூக்கும் ஏறக்குறைய இப்படித்தான் மணத்தை அறிகிறது. மாதங்கள் செல்லச் செல்ல அளவு பிசகும் என்பதால், தெரிந்த செறிவில் வாயு அடைத்த சிலிண்டரைக் கொண்டுவந்து அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும். மிளகளவு உணரிக்கு இன்றும் சிலிண்டர்தான் துணை.