கடலில் வெட்டிய கல்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் தவறாமல் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் இடம் அந்த இடிந்த தேவாலயம். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சுவர்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். சில இடங்களில் மூளையின் மடிப்பு மாதிரி வரிகள். அது முருகைக்கல். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்த பவளம்.

பவளத்தை வெட்டியா வீடு கட்டுவார்கள்? வேறென்ன செய்வார்கள்! அந்தக் கரையில் மலை கிடையாது. கருங்கல் தொலைவிலிருந்து வரவேண்டும். செங்கல் சுட நல்ல களிமண்ணும் விறகும் வேண்டும். மணலும் உவருமான தீவில் இரண்டுக்கும் பஞ்சம். ஆனால் வள்ளத்தில் கொஞ்ச தூரம் போனால் ஆழமில்லாத கடலில் கல் கிடக்கிறது. ஈரமாக இருக்கும்போது மிருது, சுலபமாகச் செதுக்கலாம். காய்ந்தால் இறுகும். கனமும் குறைவு. சாந்துக்கும் அலைய வேண்டாம், அதே கல்லைக் காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு.

'உள்ளூர்ப் பொருளில் கட்டு' என்று இன்று நாம் ஷேர் செய்யும் அத்தனை வீடியோக்களுக்கும் இது கச்சிதமான உதாரணம். எனக்கு உறுத்துவதும் அதுதான். பாறை போல வளரும் பவள வகைகள் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு அடிக் கல் என்றால் முப்பது வருஷம். ஊருக்கு நாலு வீடு என்றிருந்தவரை கடல் தாங்கியிருக்கலாம். 20ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்பு, கால்சியம் கார்பைடு ஆலைகளுக்கும் பவளம் போகத் தொடங்கியபோது கணக்கு மாறிவிட்டது. கூலிக்கு முங்கிக் கல் எடுத்தவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. லாபம் அவர் வீட்டுக்கு வரவில்லை.

பவளத்திட்டு என்பது அலையின் வேகத்தை உடைக்கும் சுவரும்கூட. அதைப் பெயர்த்தால் பின்னாலிருக்கும் மணல் தீவு நேரடியாக அடி வாங்கும். 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது கணக்கில் இருந்த தீவுகள் 21. அவற்றில் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். பவளம் வெட்டியது இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் பவளம் வந்தது 2001இல்தான்.

தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற, செயற்கைத் திட்டுகளைக் கரையில் வார்த்துக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள்.