வேலைக்காரனை அலைய விட்ட நாள்

ஏப்ரல் 1 நெருங்கினால் போதும், பத்திரிகைகளில் அதே கதை வந்துவிடும். பிரான்சில் ஒரு காலத்தில் ஏப்ரல் முதல் நாள்தான் புத்தாண்டாம். அரசன் அதை ஜனவரிக்கு மாற்றினானாம். சேதி தெரியாமல் பழைய நாளிலேயே கொண்டாடியவர்களை ஊரே கேலி செய்ததாம். அப்படிப் பிறந்ததாம் முட்டாள்கள் தினம். வரலாற்று ஆசிரியனான நான் இந்தக் கதையை ஆண்டுதோறும் வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கதையை ஆண்டுக் கணக்கை வைத்துச் சோதிப்பது எப்படி என்று காட்ட, இதைவிடத் தோதான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸ் ஜனவரி 1ஐப் புத்தாண்டாக்கும் ஆணையை ரூசிலானில் பிறப்பித்தது 1564இல். அதற்கு முன் அந்நாட்டின் பல பகுதிகளில் ஆண்டு பிறந்தது ஈஸ்டரில். ஈஸ்டரோ ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும் பண்டிகை. ஏப்ரல் 1இல் நிலையாக நிற்காது. இன்னும் வலுவான சான்று, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரத்திலிருந்து கிடைக்கிறது. அவ்வூர்க் கவிஞர் எட்வர்ட் டி டெனே ஏப்ரல் முதல் நாள் குறும்பை 1561லேயே பாட்டாக எழுதிவிட்டார். அதாவது, அரச ஆணைக்கு மூன்று ஆண்டுகள் முன்பே. இங்கிலாந்திலும் கணக்கு இடிக்கிறது. அங்கே சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25இலிருந்து ஜனவரி 1க்கு வந்தது 1752இல்; ஜான் ஆப்ரே என்பவர் ஏப்ரல் 1ஐ முட்டாள்களின் திருநாள் என்று குறித்துவைத்தது 1686இல். பிள்ளை பிறந்த பிறகா தாய் பிறப்பாள்?

டி டெனேயின் பாட்டில் ஒரு பிரபு வருகிறார். கல்யாண விருந்துக்கு ஏற்பாடு என்று சொல்லித் தன் வேலைக்காரனை ஒன்றுக்கும் உதவாத வேலைகளுக்காக அங்கும் இங்கும் விரட்டுகிறார். வேலைக்காரன் ஏமாளி அல்ல. இன்று ஏப்ரல் முதல் நாளாயிற்றே, நம்மை வீணாக அலைய விடுகிறார்களோ என்ற சந்தேகம் அவனுக்கு வந்துவிடுகிறது. ஆனால் சம்பளக்காரன் எஜமான் சொல்லைத் தட்ட முடியுமா? இந்த நாளின் மூலத்தை நாள்காட்டியில் தேடுவதைவிட இந்த வேலைக்காரனின் கால்களில் தேடுவதே சரி என்று நான் நம்புகிறேன்.

பின்னால் வந்த வழக்கங்களும் அதையே சொல்கின்றன. 1698இல் ஏப்ரல் முதல் நாளன்று லண்டன் கோட்டையில் சிங்கங்களைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று சொல்லி ஆட்களை அனுப்பியதை மறுநாள் செய்தித்தாள் எழுதியது. கோட்டையில் சிங்கங்கள் இருந்தது உண்மை; குளிப்பாட்டல்தான் பொய். ஸ்காட்லாந்தில் ஒட்டிய கடிதம் ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். 'இவனை இன்னும் தூரம் அனுப்பு' என்பதுதான் அதில் இருக்கும். பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்த பையனை 'இடது கை ஸ்பேனர்' வாங்கிவரச் சொல்வார்கள். வங்காளத்தில் ஹோலி நாட்களில் இதேபோல ஆட்களை வெற்று வேலைக்கு அனுப்பி ஏமாற்றும் வழக்கம் இருந்ததைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி பியர்ஸ் 18ஆம் நூற்றாண்டில் பதிவு செய்தார். நவாப் சிராஜ் உத் தௌலாவுக்கே இதில் பிரியம் என்று தாம் கேள்விப்பட்டதையும் எழுதினார்.

பிரெஞ்சுச் சிறுவர்கள் காகித மீனை அடுத்தவர் முதுகில் ஒட்டுவார்கள். எங்கள் பள்ளியில் அதே முதுகில் மை. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய முகத்தில் 'ஏப்ரல் ஃபூல்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான 'ஏ', 'எஃப்' இரண்டையும் பிளேடால் செதுக்குவோம். 'ஏ' இடவலம் மாறினாலும் ஒன்றுதான். 'எஃப்'ஐ இடவலமாக மாற்றிச் செதுக்காவிட்டால் அச்சு இடவலம் மாறி விழும். பேனா மையை ஊற்றி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, சிநேகமாகத் தட்டிக்கொடுப்பதுபோல முதுகில் ஒரு தட்டு. முதுகைத் தான் பார்க்க முடியாதவன் வகுப்பே சிரிப்பது ஏனென்று தெரியாமல் தானும் சிரிப்பான். ஆனால் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தவனும் எங்களோடு இருந்தான். எவ்வளவு துவைத்தாலும் அந்த நீலம் போகாது. மறுநாளும் அதே சட்டையில்தான் வந்தான்.

பிரிட்டனில் ஒரு நல்ல விதி உண்டு. பகல் 12 மணியோடு குறும்பு முடிய வேண்டும். அதற்குப் பிறகு ஏமாற்ற முயன்றால் முயன்றவர்தான் முட்டாள். இந்த வழக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏமாற்றுக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் அவமானம் செய்தவனையே சேரும் என்று சாதாரண ஜனங்கள் தாங்களாகவே வகுத்துக்கொண்ட நீதி அது. மாணவர்களிடம் நான் கேட்பதும் அதை ஒட்டியதுதான். உன் குறும்பில் சிரிக்கப்போவது யார்? அதன் செலவைச் சுமக்கப்போவது யார்? இரண்டாவது கேள்விக்கு 'மறுத்துப் பேச முடியாதவன்' என்பது பதிலானால், அது விளையாட்டு அல்ல. விட்டுவிடு.