வாய்க்கால் கொள்ளாத தண்ணீர்

வேகமான ரேம் போட்டால் கேமும் வீடியோ எடிட்டிங்கும் பறக்குமா? தஞ்சாவூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் கேட்டார். இதற்கு 1999-லேயே ஒரு பதில் இருக்கிறது.

அந்த வருடம் இன்டெல் தன் 820 சிப்செட்டோடு ராம்பஸ் ரேமை இறக்கியது. விநாடிக்கு 1.6 ஜிபி, பிசி133 எஸ்டிரேம் 1.06தான். விலையோ பல மடங்கு. ஆனால் பென்டியம் 3-க்குள் போகிற பாதையே 1.06-க்கு மேல் தாங்காது. போதாததற்கு, கேட்ட தரவு வந்துசேரும் தாமதமும் ராம்பஸில் கூடுதல். கேம்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

நம்மூர்க் கணக்குதான். மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் கல்லணைக்கு வர மூணு நாள் ஆகும். வயலுக்குப் போவது வாய்க்கால் கொள்கிற அளவுதான்.

2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தது. அதன் பாதை 3.2 ஜிபி. அதே ராம்பஸை இரண்டு சேனலாகக் கட்டினார்கள். க்வேக் 3-லும் வீடியோ என்கோடிங்கிலும் வித்தியாசம் தெரிந்தது. அடுத்த வருடம் விலையைக் குறைக்க 845 சிப்செட்டில் எஸ்டிரேம் போட்டதும், அதே பென்டியம் 4-க்கு மூச்சு வாங்கியது.

நண்பருக்குச் சொன்னது: எடிட்டிங்கில் ரேம் நிரம்பி வழிகிறதா என்று முதலில் பாருங்க. வழிந்தால் காசை வேகத்துக்கு இல்லை, அளவுக்குப் போடுங்க. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின் என்றால் பேச்சே வேறு. அங்கே கிராஃபிக்ஸும் இதே ரேமில்தான் பாய்ச்சிக்கொள்கிறது, வேகம் நன்றாகவே தெரியும்.